மீட்டருக்காக எழுப்பிய சுவர்

எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. பூச்சு இல்லாத சுவர். சிமென்ட் கல்லை அடுக்கி மேல்தளத்தை முட்டுகிற வரைக்கும் எழுப்பியிருக்கிறது. முதல்முறை வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பாகப்பிரிவினை ஆகிவிட்டதா, அண்ணன் தம்பிக்குள் என்ன தகராறு என்று சுற்றி வளைத்து விசாரிப்பார்கள். அதை எழுப்பியபோது எந்தத் தகராறும் கிடையாது. கரண்ட் பில்லுக்காகக் கட்டியது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் நானும் சிரித்தவள்தான்.

திருத்தணியில் மலைக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. மாமனார் கட்டியது. முன்பக்கம் குடும்பத்துக்கு. பின்பக்கம் ஓர் அறையும் ஒரு சமையல் மேடையும், சந்துப் பக்கமாக ஒரு கதவும் வைத்து, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார். வந்தவர்கள் பகலிலும் ஃபேனை நிறுத்தாமல் ஓட்டுவதைப் பார்த்து அவருக்கு வயிறு எரியும். அதனால் பின்பக்கத்துக்கென்று தனியாக ஒரு மீட்டர் வாங்கிப் போட்டுவிட்டார். என் கொழுந்தனுக்குக் கல்யாணமானதும் வாடகைக்கு விடுவது நின்றது. கொழுந்தனும் அவன் மனைவியும் பின்னறையில் படுத்துக்கொண்டார்கள். மாமனார், மாமியார் காலமான பிறகும் சமையல் ஒன்றாகத்தான் நடந்தது. ஒரு கேஸ் அடுப்பு, ஒரு அரிசி மூட்டை, ஒரு டி.வி. மீட்டர் மட்டும் இரண்டு.

இந்த இரண்டு என்பதில்தான் விஷயம் இருந்தது. வீட்டு இணைப்புக்கு முதல் நூறு யூனிட் வரை காசில்லை. அதற்கு மேல் போகப் போக விலை ஏறும்; ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் விலை ஒரே தாவாகத் தாவும். இரண்டு மீட்டர் இருந்தால் இரண்டு நூறு. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் அடக்கமாக ஓடும். இரண்டையும் ஒன்றாக்கினால் ஒரு நூறு போய்விடும், மிச்சமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மேல் விலைக்குப் போய் உட்காரும். இது எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் மனப்பாடம்.

நான் பிறந்தது திருவாலங்காட்டுப் பக்கம், கரும்பு வெட்டப் போகிறவர்கள் வீட்டில். எங்கள் குடிசைக்கு அரசாங்கம் ஒரே ஒரு பல்பு இலவசமாகக் கொடுத்திருந்தது. அந்த ஒரு பல்புக்கு மேல் எதையும் மாட்டக்கூடாது என்பது சட்டம். அப்பா எங்கிருந்தோ ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வந்தார். கரண்ட் ஆபீஸ் ஆள் தெருமுனையில் வண்டியை நிறுத்தினால் ஃபேனைப் பிடுங்கிக் காய்ந்த கரும்புச் சோகைக் குவியலுக்குள் திணித்துவிடுவோம். தெரு முழுக்க அதே வேலை நடக்கும். வந்தவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவர் ஒரு பல்பை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். சோதிக்க வருகிறவர்களுக்கு ஏற்ற மாதிரி வீட்டை மாற்றி வைத்துக் காட்டுவது எங்களுக்குத் தப்பு என்றே தோன்றியதில்லை. கல்யாண வீட்டில் கோலம் போடுகிற மாதிரிதான் அதைச் செய்வோம்.

அரசாங்கத்தையும் நான் ஒரேயடியாகத் திட்ட மாட்டேன். எல்லா வீட்டுக்கும் கம்பி இழுத்துவிட்டார்கள். என் அம்மா சிம்னி விளக்கில் பேன் பார்த்தவள். அவள் பேத்தி, என் அண்ணன் மகள், டியூப் லைட்டில் படித்தாள். அது சின்னக் காரியம் இல்லை. ஆனால் கம்பி இழுப்பதோடு வேலை முடிவதில்லை. அந்தக் கரண்டுக்குக் காசு யார் கொடுப்பது என்ற வழக்கு மட்டும் தீராமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. வாரியம் நஷ்டம் என்கிறது, அரசாங்கம் மானியம் கொடுத்தாயிற்று என்கிறது, சென்னையில் ஆணையம் ஒன்று உட்கார்ந்து எந்த வீட்டுக்கு என்ன விலை என்று தீர்ப்புச் சொல்கிறது. அவர்கள் எல்லாரும் படித்தவர்கள், கணக்கு சரியாகத்தான் இருக்கும். அந்தக் கணக்கு எங்கள் கூடத்துக்கு வந்து சேரும்போது என்ன உருவத்தில் வந்து நிற்கும் என்பதை மட்டும் அவர்களில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் ஓரகத்திக்கு வலிப்பு வரும். அவள் நகரிப் பக்கத்துப் பெண். தெலுங்கும் தமிழும் கலந்து ஓயாமல் பேசுவாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வீட்டில் இந்த விஷயத்தை மறைத்துவிட்டார்கள். முதல் மாதம் அவள் கூடத்தில் விழுந்து கைகால் வெட்டிக்கொண்டபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். தெளிந்து எழுந்தவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "நைனாதான் சொல்ல வேணாம்னாரு அக்கா, நான் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள். அதற்கு மேல் என்ன கத்துவது? மறுநாளிலிருந்து அவள் மாத்திரை என் பொறுப்பு ஆனது.

அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, சாவிக்கொத்தைக் கையில் கொடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். அடுப்புப் பக்கமும் தண்ணீர்த் தொட்டிப் பக்கமும் அவளைத் தனியாக விடாதீர்கள். அதனால் எங்கள் வீட்டில் அடுப்படியில் எப்போதும் இரண்டு பேர் இருப்போம். நான் கூடத்தில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாலும் காது அவள் பேச்சில் இருக்கும். அவள் பேசிக்கொண்டே இருப்பாள்: மிளகாயிடம், பூனையிடம், டி.வி.யில் வருகிறவர்களிடம். பேச்சு நின்றால் நான் எழுந்து ஓடுவேன். பல தடவை ஓடியிருக்கிறேன். விழுவதற்கு முன் தாங்கியும் இருக்கிறேன்.

கிருத்திகை வந்தால் மட்டும் எனக்கும் அவளுக்கும் சண்டை. ஒவ்வொரு மாதமும் விரதம் இருப்பாள். மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு கிருத்திகை இருக்காத வீடு எது? ஆனால் இவள் மாத்திரையையும் விட்டுவிடுவாள். வாய்க்குள் போகிற எதுவும் விரதத்தை முறிக்கும் என்பது அவள் கட்சி. நான் தாடையைப் பிடித்து மாத்திரையை உள்ளே தள்ளி, முருகன் கேட்டால் என் பேரைச் சொல்லு என்பேன். அவள் முறைத்துக்கொண்டே விழுங்குவாள். சாயந்திரம் படையலுக்கு வடை சுடும்போது பழையபடி பேச ஆரம்பித்துவிடுவாள்.

ஒரே வீட்டில் இரண்டு இணைப்பு இருந்தால் ஒன்றாகச் சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு தெருவில் கிளம்பியது அந்தச் சமயத்தில்தான். மீட்டரில் கணக்கெடுக்க வந்தவரும் அதையே சொன்னார். தனித்தனிக் குடும்பம் என்றால் தனி வாசல், தனி அடுப்பு, தனி ரேஷன் கார்டு இருக்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். இல்லையென்றால் சேர்த்துவிடுவார்கள் என்றார். அவர் மேல் குற்றமில்லை, உத்தரவைச் சொன்னார். என் வீட்டுக்காரர் தினமும் விடியலில் ரயிலேறி அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்குப் போகிறவர். அந்த வருஷம் அங்கே ஓவர்டைம் நிறுத்திவிட்டார்கள். கொழுந்தன் ஸ்டேஷனிலிருந்து மலைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசி, தெருவில் வயரிங் வேலை செய்கிறவரையும் கூப்பிட்டுக் கேட்டு, சுவர் எழுப்புவது என்று முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் இருவரையும் யாரும் கேட்கவில்லை. டீ மட்டும் கேட்டார்கள்.

டீயைக் கொடுத்துவிட்டு நான் அங்கேயே நின்றேன். அவள் அந்தப் பக்கம் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். நடுவில் ஒரு கதவாவது வையுங்கள் என்றேன். வயரிங்காரர் தலையை ஆட்டினார்.

"கதவு வெச்சா செவுரு கட்றதே வேஸ்ட்டுங்க. உள்ளாற போக வர வழி இருந்துச்சின்னா ஒரே வீடுன்னு எழுதிகினு போய்டுவாங்க."

என் வீட்டுக்காரர் என்னைத் தனியாக அழைத்துச் சமாதானம் சொன்னார். "ஒரு மாசம்தாம்மா. ஆபீசர் வந்து பாத்துட்டுப் போனதும் ஒடச்சிடலாம். அதான் பூசக்கூட வேணாம்னு சொல்லிட்டேன்." கொழுந்தன் தன் பங்குக்கு, ஆளுக்கொரு செல்போன் இருக்கிறதே அண்ணி என்றான். ஓரகத்தி என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன். அவளுக்கோ தனி அடுப்பு என்றதும் முகத்தில் ஒரு சந்தோஷம். எந்தப் பெண்ணுக்குத்தான் இருக்காது? இத்தனை வருஷம் என் அதிகாரத்தில் சமைத்தவள். தேவைப்பட்டால் தோசைக் கரண்டியால் சுவரைத் தட்டுகிறேன், நீ ஓடி வந்துவிடு அக்கா என்றாள். எங்கள் எல்லாருடைய அறிவும் அந்தத் தோசைக் கரண்டி வரைக்கும்தான் போயிற்று. வலிப்பு வருகிறவள் சொல்லிவிட்டு விழுவாளா என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

சுவர் இரண்டே நாளில் எழும்பிவிட்டது. ரேஷன் கார்டைப் பிரித்தார்கள். கொழுந்தன் பேரில் தனியாக கேஸ் வந்தது. கூடத்தில் பாதி வெளிச்சம் போய்விட்டது. என் பக்கத்துக்கு ஜன்னல் கிடைத்தது, அவள் பக்கத்துக்குக் காற்றோட்டம் இல்லாத மூலை கிடைத்தது. முதல் வாரம் எல்லாம் விளையாட்டாக இருந்தது. அவள் கரண்டியால் தட்டுவாள், நான் பதிலுக்குத் தட்டுவேன். குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு தெருவில் இறங்கி, முனையைச் சுற்றிச் சந்துக்குள் நுழைந்து, அவள் வாசலில் போய் அதிகாரி வந்திருக்கிறேன் கதவைத் திற என்பேன். அவள் அடுப்பில் இருப்பதையெல்லாம் இறக்கிவிட்டுச் சிரிப்பாள்.

ஒரு மாதம் ஆயிற்று, அதிகாரி வரவில்லை. எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. சமையல் நேரத்தில்கூட வரலாம், இரண்டு அடுப்பும் எரிய வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதனால் யாருக்கும் வேண்டியிராத சாப்பாட்டையும் தனித்தனியாகச் சமைத்தோம். மழைக்காலம் வந்தது. சந்தில் சாக்கடை நிரம்பினால் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். கிண்ணம் போவது குறைந்தது. காலையில் நேரில் போய் மாத்திரை கொடுப்பது, சுவர் ஓரமாக நின்று குரல் கொடுப்பதாக மாறியது. மாத்திரை போட்டியா என்று கத்துவேன். போட்டேன் அக்கா என்று வரும். அது போதும் என்று இருந்துவிட்டோம்.

ஒரே வீட்டில் இருந்தபோது சண்டை போட்டால் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் தீர்ந்தாக வேண்டும். இப்போது தீர்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு தடவை அவள் வாங்கிய புது மிக்ஸியைப் பற்றி நான் ஏதோ சொல்லப் போக, நான்கைந்து நாள் பேச்சு நின்றது. இன்னொரு தடவை என் வீட்டுக்காரர் தம்பியிடம் ஏதோ கேட்கப் போய்ச் சந்து முனையிலேயே நின்று பேசிவிட்டு வந்தார். பார்க்கிறவர்களுக்காகக் கட்டிய சுவர் எங்களையும் பழக்கிக்கொண்டு வந்தது.

முன்பக்க மீட்டரில் இலவச யூனிட் மிஞ்சியது. வீணாகப் போகிறதே என்று என் வீட்டுக்காரர் என் தையல் மிஷினுக்கு ஒரு மோட்டார் வாங்கி மாட்டினார். கால் வலி குறைந்தது உண்மை. ஆனால் மோட்டார் ஓடினால் வேறு எதுவும் காதில் விழாது. கரண்ட் போனால்தான் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பேசுவது கேட்கும். கரண்ட் போன நேரங்களில் நான் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பூனையோடு வம்பு வளர்ப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கரண்ட் வந்ததும் மறுபடி மோட்டார் ஓடும்.

அப்படி ஒரு மாதம், கிருத்திகை அன்று காலையில் சுவர் ஓரமாக நின்று மாத்திரையைக் கேட்டேன். "ஆங், ஆங்" என்று குரல் வந்தது. அதில் முறைப்பு இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று சுவர் வழியாக எப்படித் தெரியும்? முகம் தெரிந்திருந்தால் பொய் தெரிந்திருக்கும். அடுத்த நாள் ஒரு கல்யாண வீட்டுக்கு ஜாக்கெட் கொடுக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் தாண்டியிருக்கும். படையலுக்கு எண்ணெய் வைத்து வடை சுட ஆரம்பித்திருக்கிறாள். கரண்ட் இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சந்துப் பக்கத்து வீட்டு அம்மாள் என் ஜன்னலில் வந்து கம்பியைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் நிமிர்ந்தேன். புகை, புகை என்று மட்டும் சொன்னாள். நான் என்னை அறியாமல் சுவரைப் பார்த்து ஓடினேன். நேராகச் சுவரைப் பார்த்து. கையால் அடித்தேன். பிறகு திரும்பி வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, முனையைச் சுற்றிச் சந்துக்குள் போனேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. இரண்டு பேர் தோளால் இடித்து உடைத்தார்கள். நைலான் புடவை. எண்ணெயும் கொட்டியிருந்தது. அதற்கு மேல் எழுத எனக்கு மனசில்லை.

இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே சில நாள் இருந்தாள். மாஜிஸ்திரேட் வந்து கேட்டபோது, தானாக விழுந்தேன், யார் மேலும் குற்றமில்லை என்று தெளிவாகச் சொன்னாள். மாத்திரை போடாததையும் சொன்னாளாம். என்னை உள்ளே விட்ட அன்று அவள் கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது. என்னைப் பார்த்ததும், ஏதோ சமையல் கெட்டுப்போனதற்குச் சமாதானம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"தட்டறதுக்குள்ள வுழுந்துட்டேன் அக்கா."

மறுநாள் போய்விட்டாள்.

தீக்காயச் சாவு என்றால் போலீஸ் வராமல் இருக்காது. வந்தவர் பின்பக்கச் சமையல் மூலையைப் பார்த்துவிட்டு முன்பக்கம் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். இது எதற்கு, குடும்பத்துக்குள் சண்டையா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். சின்ன மனஸ்தாபம், அதனால் தனித்தனியாக இருக்கிறோம் என்றார். மீட்டருக்காகக் கட்டினோம் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தால் அது கரண்ட் ஆபீஸுக்குப் போகும், இத்தனை நாள் ஓட்டியதற்கெல்லாம் அபராதம் போடுவார்கள் என்று அவருக்குப் பயம். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். தம்பி மனைவியின் உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் மீட்டரை நினைக்க அவரால் முடிந்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போலீஸில் சொன்ன அந்தப் பேச்சு அவள் அப்பாவின் காதுக்கும் போயிற்று. காரியம் முடிந்த அன்று, பேருந்துக்குப் போகும் முன் அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"சண்ட போட்டு எம் பொண்ணத் தனியா வெச்சிட்டீங்க. அவளத் தனியா வுடக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்தானேம்மா?"

சண்டை இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு எதற்குத்தான் சுவர் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? கரண்ட் பில் குறையும் என்று கட்டினோம் என்றா? சண்டை என்று அவர் நினைத்துக்கொண்டு போவதே மேல் என்று பட்டது. சண்டை என்றால் அதில் மனுஷக் கோபமாவது இருக்கும். அவர் பேருந்து ஏறிப் போனார். இந்தப் பக்கம் பிறகு வரவில்லை.

சுவரை உடைக்கச் சொன்னேன். இன்னும் அதிகாரி வரவில்லையே என்றார் என் வீட்டுக்காரர். இப்போது உடைத்தால் போலீஸில் சொன்னது பொய் என்றாகிவிடும் என்றும் சொன்னார். முதலில் மீட்டருக்குப் பயந்தோம், இப்போது எங்கள் பொய்க்கே பயந்தோம். கொழுந்தன் எதிலும் தலையிடவில்லை. ஆட்டோவை ஓட்டிவிட்டு வருவான். நான் கூப்பிடுவேன். சந்தைச் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான். சாம்பாரா ரசமா என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனாலும் மூன்று வேளையும் வந்தான். அவன் வந்து உட்கார்வது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அவனையாவது தனியாக விடக்கூடாது என்று இருந்தேன்.

அதிகாரி வந்தது அப்படி ஒரு சாப்பாட்டு நேரத்தில். இளவயசுப் பெண், மரியாதையான பேச்சு. என் வீட்டுக்காரருக்கு அன்று விடுமுறை, வீட்டில் இருந்தார். கொழுந்தன் தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். யார் இவர் என்று அந்தப் பெண் கேட்டாள். தம்பி, பின் வீட்டில் இருக்கிறான் என்றார் என் வீட்டுக்காரர். இங்கே சாப்பிடுகிறாரே என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். கொழுந்தன் எழுந்து கை கழுவிவிட்டு வந்தான். மனைவி இறந்த பிறகு அவன் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"ஒரே வீடுதாங்க மேடம். எப்பவும் ஒரே வீடுதான். செவுரு மீட்டருக்காகக் கட்டினது. சேத்தே எழுதிக்கோங்க."

என் வீட்டுக்காரர் அவன் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். "அவன் பேச்ச எடுத்துக்காதீங்க மேடம். சம்சாரம் போனதுலருந்து இப்படித்தான் எதையாவது பேசிகினு கெடக்கறான். ரெண்டு வீடுதான். போலீஸ்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்துருக்கோம்."

இவன் சொல்வதுதான் உண்மை, ஒரே வீடுதான் என்று நான் சொன்னேன். கொழுந்தனைக் காட்டித்தான் சொன்னேன். அந்தப் பெண் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் பார்க்கச் சந்து வழியாகப் போனாள். கரி படிந்த அந்த மூலையை நாங்கள் இன்னும் வெள்ளையடிக்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது. தெருவில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"எதுக்குங்க வீணா சேத்துகினு? தனி கார்டு இருக்குது, தனி வாசல் இருக்குது, தனி அடுப்பும் இருக்குது. ரெண்டுன்னே எழுதிடறேன். இனிமே யாரும் வந்து உங்களக் கேக்க மாட்டாங்க."

நல்ல மனசோடு செய்தாள். எங்களுக்கு ஒரு உபகாரம் செய்கிறோம் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். என் வீட்டுக்காரர் கும்பிட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்தவர், தம்பியின் முகத்தைப் பார்க்காமல், உட்காருடா, சாப்பாட்டைப் பாதியில் வைக்காதே என்றார். கொழுந்தன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

சாயந்திரம் வருவான் என்று பார்த்தேன். விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் வரவில்லை. சோற்றையும் குழம்பையும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு சுற்றிப் போனேன். கதவு திறந்திருந்தது. அவள் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று, அந்த அடுப்பைப் பற்ற வைத்து, ஒரு சின்னப் பாத்திரத்தில் அரிசியைக் களைந்து போட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் எவ்வளவு வைப்பது என்று தெரியாமல் விரலை விட்டுப் பார்த்தான். வா, கொண்டுவந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவன் திரும்பவில்லை.

"வேணாம் அண்ணி. தனி வீடுன்னு எழுதிகினு போய்ட்டாங்க இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டுக் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன். அவன் அமைதியாகச் சொன்னான். தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். காலையில் அது கழுவித் துடைத்து எங்கள் வாசற்படியில் இருந்தது. அந்தச் சோற்றைச் சாப்பிட்டானா, நாய்க்குப் போட்டானா தெரியாது. அன்றிலிருந்து அவன் தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறான்.